மூவாயிரம் பவுண்டு காணாம போன கதை

ஜேன் ஆஸ்டினோட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலை மறுபடி படிச்சேன். வந்தது 1811-ல, ஆனா ரெண்டாவது அத்தியாயம் இன்னிக்கும் அப்படியே சுடுது. சாகக் கிடக்குற அப்பாகிட்ட தங்கச்சிங்களைப் பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்த ஜான், மூவாயிரம் பவுண்டு தரலாம்னு நெனைக்கிறான், பொண்டாட்டி பேசப் பேச அது பாதியாகி, அப்புறம் வருஷத்துக்கு நூறாகி, எப்பவாவது ஒரு அம்பதாகி, கடைசில வீடு மாத்த ஒத்தாசை பண்றதோட நின்னுடுது. ஒருத்தரும் சத்தம் போடல, அவ்ளோ நைஸா பேசியே பங்கை முழுங்கிடுறாங்க!

இதை வெறும் காதல் கதைன்னு சொன்னா எனக்குக் கோவமே வரும்.

இந்த நாவலை வச்சு 1995-ல ஆங் லீ எடுத்த படம் எனக்கு உயிர். ஆனா இதே கதையைத் தழுவி 2000-த்துல வந்த நம்ம ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஒரு படி மேலன்னு நெனைக்கிறேன், ஏன்னா நாவல்ல ஜானோட மூத்த தங்கச்சி எலினாருக்கு சம்பாதிக்க வழியே கிடையாது, இங்க வீட்டை இழந்து சென்னைக்கு வர்ற சௌம்யா வேலைக்குப் போறா, குடும்பத்தையே தூக்கி நிறுத்துறா. சௌம்யாவா நடிச்ச தபு அழுகையை அடக்கிக்கிட்டு நிக்கிற அந்த முகம்தான் எனக்கு எலினார்.