எண்களைத் திருப்பிச் சொல்லுதல்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நொடிக்கு ஒன்றாக 4, 9, 2, 7, 5 என்று சொன்னேன். பத்து வயதான அக்காள் மகன் அதே வரிசையில் உடனே ஒப்பித்தான். பின்னிருந்து சொல்லச் சொன்னபோது கண்களை மூடி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, “அஞ்சு, ஏழு…” என்று தொடங்கியவன், “மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றான்.

1887இல் ஜோசப் ஜேக்கப்ஸ் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவர்களிடம் செய்து பார்த்த சோதனையின் வழிவந்தது இது. கேட்டபடி சொல்வதற்கு எண்களை நினைவில் பிடித்து வைத்தாலே போதும். திருப்பிச் சொல்வதற்கோ, பிடித்தபடியே அவற்றை மாற்றி அடுக்கவும் வேண்டியிருப்பதால், எல்லாவகைச் சிந்தனைக்கும் அடிப்படையான பொது அறிவுத்திறனோடு இதற்குத் தொடர்பு அதிகம் என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் கருதினார். பல விளக்குகளில் எது எரிகிறதோ அதன் பொத்தானை விரைந்து அழுத்தும் சோதனையையும் அவர் விரிவாகப் பயன்படுத்தினார். விளக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்தோறும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடும் என்பது 1952இல் உளவியலாளர் வில்லியம் ஹிக் கண்ட விதி.

என்னை மிகவும் ஈர்ப்பது, இரண்டு கோடுகளைக் கண்ணிமைக்கும் பொழுதினும் குறைவாகக் காட்டி, எது நீளம் என்று கேட்கும் சோதனை. பதிலை நிதானமாகவே சொல்லலாம். அளக்கப்படுவது கையின் விரைவன்று, பார்த்ததை உள்வாங்கத் தேவைப்படும் நேரம். ஆனால் அறிவுத்திறன் மதிப்பெண்ணோடு இதற்குள்ள தொடர்பும் நடுத்தரமானதே என்பதால், ஒரு குழந்தையை இதைக்கொண்டு எடைபோடுவது தவறு என்றே உறுதியாக நினைக்கிறேன். அன்று நெடுஞ்சாலையில் லாரிகள் விடாமல் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. மறுநாள் விடியற்காலை அமைதியில், வேறு ஐந்து எண்களை அவன் பிழையின்றித் திருப்பிச் சொன்னான்.