பேரி மரத்துக்குத் தகரம் அடித்த கதை

போன வருடம் ஆகஸ்டில் சோளன் நன்றாகப் பால் பிடித்திருந்தது. ஞாயிறு காலையில் முறிப்போம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். சனி இரவே ரக்கூன் முறித்துவிட்டது. தண்டைச் சாய்த்து, மடலை உரித்து, ஒவ்வொரு பொத்தியிலும் நாலு கடி. முழுவதையும் தின்று முடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. அதே மாதம் பேரி மரத்தில் எங்களுக்கு மிஞ்சியது பதினொரு காய்.

ரொறொன்ரோவில், அதுவும் ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ரக்கூனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பூனையை விடப் பெரிது, கண்ணைச் சுற்றித் திருடன் கட்டியது போலக் கறுப்புப் பட்டி, வாலில் வளையங்கள். 'கையால் சுரண்டுவது' என்று பொருள்படும் பௌஹாட்டன் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்த பெயர். கை என்றால் உண்மையிலேயே கைதான், ஐந்து விரல். 2016இல் நகரசபை இதற்காகவே பூட்டுப்பிடி வைத்த புதிய பச்சைத்தொட்டிகளை, அதாவது சமையல் கழிவு போடும் தொட்டிகளைக் கொடுத்தது. அதையும் திறக்கப் பழகிய ரக்கூன்கள் உண்டு.

இந்த வருடம் செய்ததை எல்லாம் எழுதி வைத்தேன்.

ஜூன். ஸ்ட்ரோபெரி பழுக்கத் தொடங்கியதும் பாத்திக்குப் பக்கத்தில் ரேடியோவை இரவு முழுக்கப் பேச விட்டேன். மூன்று இரவு ஒன்றும் வரவில்லை. நாலாம் இரவு வந்து, ரேடியோவுக்கு அருகிலேயே இருந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பளிச்சென்று எரியும் விளக்கும் அப்படித்தான்.

ஜூலை. மிளகாய்த்தூள். கடைத்தூள் முடிந்துபோக, சமையலறையில் இருந்த போத்தலை எடுத்தேன். "இஞ்சேருங்கோ, அது ஊரிலயிருந்து வந்த கறித்தூள். ரக்கூனுக்கெண்டு வறுத்து இடிக்கேல்லை" என்று சத்தம் வந்தது. அன்று பின்னேரமே மழை பெய்து எல்லாம் கழுவுண்டு போனது. மழைக்குப் பின் ஒவ்வொரு தரமும் தூவ வேண்டும் என்றால் எங்களுக்குக் கறி வைக்க முடியாது. விட்டுவிட்டேன்.

அப்புறம் அசைவு கண்டால் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்ளர். இது கொஞ்சம் பரவாயில்லை, பத்து நாள் காத்தது. பிறகு தண்ணீர் எட்டாத பக்கமாகச் சுற்றி வரப் பழகிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் பயன் உண்டு. மாற்றிய இடத்தை மறந்துபோய் நான் நனைந்ததுதான் அதிகம்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரக் காட்டில் விடச் சொன்ன நண்பர்கள் பலர். எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடக்கூடாது. கோடையில் தாய் ரக்கூனைப் பிடித்தால் குட்டிகள் எங்கேயாவது கூரைக்குள் பட்டினி கிடக்கும். அந்த யோசனையே வேண்டாம் என்று விட்டேன். பண்ணைகளில் நிலத்திலிருந்து 15 செ.மீ., 30 செ.மீ. உயரத்தில் இரண்டு மின்கம்பி இழுத்துச் சோளனைக் காப்பார்கள். இங்கே வீட்டு வளவுக்குள் மின்வேலி போட நகரசபை விடாது.

ஆகஸ்ட் முதல் வாரம். மரத்தடியில் ஒரு கடி கடித்து எறிந்த பச்சைப் பேரிக்காய்கள். அதைப் பொறுக்கும்போதுதான் யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் எங்கள் வீட்டுத் தென்னைகள் நினைவுக்கு வந்தன. எலி ஏறிக் குரும்பட்டியைக் கொறிக்காமல் இருக்க மரத்தைச் சுற்றி அப்பா தகரம் அடித்து வைப்பார். நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். ரக்கூனும் நகத்தை நம்பி ஏறுவதுதானே?

75 செ.மீ. அகலத்தில் நாகத்தகடு (துத்தநாகத் தகடு) வாங்கினேன். அடிமரச் சுற்றளவு 62 செ.மீ., தகட்டை 70 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். தென்னைக்கு அடிப்பது போல இதற்கு ஆணி அடிக்கக்கூடாது, பட்டை காயப்படும். அதனால் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, இரண்டு ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டினேன். மரம் பருத்தால் தகடும் விரிந்து கொடுக்கும். கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 60 செ.மீ. அதற்கு இடைஞ்சலாகத் தாழ்ந்து நின்ற இரண்டு கிளைகளை வெட்டினேன். கையிலும் இரண்டு வெட்டு. தடித்த கையுறை இல்லாமல் தகட்டைத் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள் காலை, திரும்பவும் கடித்த காய்கள்.

அப்பாவுக்குப் போன் எடுத்துப் புலம்பினேன். "தகரம் சரி. பக்கத்து மரத்து ஓலை முட்டுதோ எண்டு பாத்தனியோ?"

"இஞ்ச ஓலை இல்லையப்பா."

"ஓலை இல்லாட்டி வேற ஏதும் முட்டும். போய்ப் பார்."

போய்ப் பார்த்தேன். ஒரு கிளை வேலிப் பலகையில் சாய்ந்து கிடந்தது, இன்னொன்று ஷெட் கூரைக்கு ஓரடி தூரத்தில். பேரனின் பழைய கமராவை இரவு வைத்துப் பார்த்ததில், வேலியில் நடந்து வந்து நேராகக் கிளையில் ஏறியது. இறங்கும்போது தலைகீழாக இறங்கியது. பின்னங்கால் பாதத்தை முழுக்கப் பின்னுக்குத் திருப்ப அதற்கு முடியும். தகரம் இருந்த பக்கமே அது வரவில்லை.

இரண்டு கிளைகளையும் வேலிக்கும் கூரைக்கும் ஐந்து அடி இடைவெளி வரும்படி கழித்தேன். காயோடு கழிக்க மனம் வரவில்லைதான். அடுத்த இரவு கமராவில் அடிமரத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு தரம் வழுக்கிக் கீழே வந்தது. இன்னும் ஐந்து இரவு முயன்று பார்த்தது.

ஆகஸ்ட் கடைசி. பார்ட்லெட் பேரியை மரத்தில் பழுக்க விட்டால் நடு மாவாகிவிடும். காயை மேலே தூக்கிப் பார்த்து, காம்பு இலகுவாகக் கழன்றால் பறித்து உள்ளே வைத்துப் பழுக்க விட வேண்டும். ரக்கூன் மோப்பம் பிடிக்கும் முன்னரே காய் வீட்டுக்குள் வந்துவிடும், அதுவும் ஒரு லாபம். எண்பத்து மூன்று காய் எடுத்தோம். விழுந்தவற்றை ஒவ்வொரு பின்னேரமும் பொறுக்கினேன்.

சோளன் இந்த முறை பன்னிரண்டு தண்டுதான். பொத்தியையும் தண்டையும் சேர்த்து நூல் ஓடும் பார்சல் டேப்பால் எட்டுப் போலச் சுற்றினேன். ஏழு தப்பின. பாவற்காயையும் மிளகாயையும் ரக்கூன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

செப்டெம்பர். புல்தரையைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருந்தது. கீழே வெள்ளைப் புழு, அதைத் தேடித்தான். அந்தப் புழுவைக் கொல்லும் நெமடோட் என்ற நுண்புழுக்களை வாங்கி, தண்ணீரில் கலந்து பின்னேரம் ஈரமண்ணில் ஊற்றினேன். பலன் அடுத்த வருடம்தான் தெரியும்.

அடுத்தது முந்திரிகை (திராட்சை) பந்தல். நாலு கால்களுக்கும் தகடு அளவெடுத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தலை வேலியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.