வரிச் சலுகையை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள்

பாளையங்கோட்டையைச் சுற்றி மனை விற்பவர்கள் தரும் துண்டறிக்கைகளில், வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்ற வாசகம் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. "மாமா, வருசம் ரெண்டு லட்சம் மிச்சம்னு சொல்லுதாவ, கடன இருபத்து மூணு லட்சத்துக்குப் பதிலா இருபத்தெட்டா வாங்கிருவமா?" என்று என் தங்கை மகன் கேட்டான். அவனைப்போல் வீடு கட்டத் தொடங்கும் இளையவர்கள் நம் ஊரில் பலர் இருப்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அந்த 2 லட்சம் வரியில் கழிவதன்று. வரியைக் கணக்கிடும் முன் வருமானத்தில் கழிவது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவு தந்த சலுகை அது. அசலுக்கு அதே சட்டத்தின் 80சி பிரிவு இடம் தந்தது என்றாலும், அங்குள்ள 1.5 லட்ச வரம்பை வருங்கால வைப்பு நிதியும் எல்.ஐ.சி.யும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முன்பே பங்கு போட்டிருக்கும். வருமான வரிக்கு இப்போது இரண்டு முறைகள்: கழிவுகள் அதிகமுள்ள பழையது, கழிவுகள் குறைந்த புதியது. இவ்விரண்டு சலுகைகளும் பழைய முறையில் இருப்பவர்களுக்கே. 2023-24 நிதியாண்டு முதல் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் நாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்லை.

சரி, பழைய முறைக்கே போகலாமே என்று தோன்றும். ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை 2025-26 நிதியாண்டுக்கு எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் என மூன்றையும் முழுமையாகக் கழித்தபின்னும் 8 லட்சம் நிற்கும். அந்தத் தொகைக்கு மேல்வரி (செஸ்) உட்பட 75,400 ரூபாய் வரி கட்ட வேண்டும். அவரே புதிய முறையில் இருந்தால், நிலையான கழிவாக 75,000 கழிந்து 11.25 லட்சம் நிற்க, தள்ளுபடியால் வரி ஒன்றுமில்லை. வீட்டுக் கடனே வாங்காதவருக்கும் இதே நிலைதான். என் மருமகனுக்கோ 8.5 லட்சம்தான் சம்பளம். வட்டியைக் காட்டி மிச்சப்படுத்த அவனுக்கு வரியே கிடையாது.

மாடியைக் கட்டி வாடகைக்கு விடுபவர்கள் மட்டும், அந்தப் பகுதிக்கு உரிய வட்டியைப் புதிய முறையிலும் வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்; மிஞ்சும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அவனுக்கு உண்மையில் பயன்படுவது வேறு. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வட்டி மானியம் உண்டு. கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் என்று கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கிறார்கள். ஆனால் வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. வராத வரிச் சலுகைக்காக அவன் 28 லட்சம் வாங்கியிருந்தால், வரவேண்டிய மானியம் முழுவதும் போயிருக்கும்! ஒவ்வொரு தவணையின்போதும் அசலில் பாதிக்குமேல் நிலுவை இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பும் பணத்தை அவசரமாகக் கடனில் போட்டு அடைப்பதையும் தள்ளி வைக்கலாம்.

குடும்பத்தில் எவருக்கும் நாட்டில் எங்கும் நிலையான கட்டுமானமுள்ள (பக்கா) வீடு இருக்கக் கூடாது என்ற விதியைக் கண்டு அவன் தயங்கினான். இங்கே குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே. அவன் இப்போது குடியிருக்கும் அப்பா வீடு தடையாகாது. வீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்பதும் அவனுக்குப் பொருந்துகிறது, மனையே அவளுக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்ததுதான். கடன் விண்ணப்பத்தில் அவளையும் சேர்த்து, இந்தத் திட்டத்தின் கீழ் வேண்டும் என்று வங்கியில் முதல் நாளே எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.