குழாய்கள் நசுங்கும்போது கேட்டவை: டைட்டன் விவாதமும் என் சோதனைக் கலமும்

வெளியிலிருந்து வரும் நீரழுத்தத்தில் ஒரு குழாய் எப்படித் தோற்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிய நான் அமைத்துவரும் சிறு சோதனைக் கலம், இப்போது சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தை ஒழுகாமல் தாங்குகிறது. கடலில் இது ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்துக்குச் சமம். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டரோடு ஒப்பிட்டால் கால் பங்குதான். ஆனாலும் மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போதுகூட அதன் அடியில் நீர் தரும் அழுத்தம் நான்கு கிலோவை எட்டாது என்பதால், சேலத்தில் உட்கார்ந்து ஆழ்கடலைப் பேசுகிறவனுக்கு இது குறைவில்லாத தொடக்கம் என்றே கருதுகிறேன்.

டைட்டானிக்கைக் காண இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று தொடர்பிழந்தது. ஐந்து பேரோடு இறங்கிய அந்தக் கலத்தின் சிதறல்கள் ஜூன் 22 அன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளிக் கண்டெடுக்கப்பட்டன. இடைப்பட்ட நாட்களில் உலகமே 96 மணி நேர ஆக்சிஜனை எண்ணிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் தட்டும் ஓசை கேட்டதாகச் செய்தி வந்தபோது, சூரமங்கலத்தில் நான் அடிக்கடி செல்லும் லேத் பட்டறையிலும் அதே பேச்சுதான். கலம் நொறுங்கியதை ஒத்த ஒலியை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் முதல் நாளே பதிவு செய்திருந்த செய்தி பிறகுதான் வெளியே வந்தது. வீடியோ கேம் கைப்பிடியால் கலத்தை ஓட்டினார்கள் என்ற கேலி அடங்கவே பல வாரங்கள் ஆயின. அதே வகைக் கைப்பிடியை அமெரிக்கக் கடற்படையும் தன் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளில் பெரிஸ்கோப்புக்கு மாற்றான கருவியை இயக்கப் பயன்படுத்துகிறது. அந்தக் கேலியில் செலவான நேரம் வீண் என்பது என் எண்ணம்.

விவாதிக்கத்தக்க கேள்விகள் இரண்டு. டைட்டனின் உடலுக்குப் பயன்பட்ட, இழுவிசைக்குப் பெயர்பெற்ற கார்பன் ஃபைபரை அமுக்கு விசைக்குப் பயன்படுத்தலாமா என்பது ஒன்று. கலத்தின் உடலில் பொருத்திய ஒலி உணர்விகள் ஆபத்தை முன்கூட்டியே சொல்லுமா என்பது மற்றொன்று. டைட்டனை இயக்கிய ஓஷன்கேட் நிறுவனத்தின் கடல்சார் செயல்பாட்டு இயக்குநராக இருந்து 2018இல் நீக்கப்பட்ட டேவிட் லாக்ரிட்ஜ், அத்தகைய ஒலிக் கண்காணிப்பு பெரும்பாலும் நொறுங்குவதற்குச் சில மில்லிநொடிகள் முன்புதான் எச்சரிக்கும் என்று வாதிட்டிருந்தார். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் மேசைமேல் வைத்துப் பார்க்க விரும்பினேன்.

என் சோதனைக் கலத்தின் உடல், பழைய ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றின் தடித்த இரும்பு பேரல். ஒரு முனையை வெல்டிங் செய்து மூடி, மறுமுனைக்கு ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்குப் பள்ளம் கடைந்த மூடியை போல்ட்டால் இறுக்கியிருக்கிறோம். பிளம்பர்கள் குழாய்களைச் சோதிக்கும் கைப் பம்புதான் அழுத்தம் ஏற்றுகிறது. கலத்தில் தண்ணீரை நிரப்பியதும் மேலுள்ள வால்வைத் திறந்து, கடைசிக் காற்றுக் குமிழும் வெளியேறிய பின்பே பம்பில் கை வைக்க வேண்டும். அழுத்தத்தில் தண்ணீர் மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் மூடி கழன்றாலும் பீறிட்டு அடங்கிவிடும். உள்ளே காற்று தங்கியிருந்தால் அதே மூடி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். இருந்தாலும் கலம் தரைக்குழியில்தான் இருக்கிறது, சுற்றிலும் மணல் மூட்டைகள்.

முதலில் பிவிசி குழாய்களை இரு முனையும் அடைத்து நசுக்கினேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இராது. மண்ணழுத்தத்தில் கேசிங் குழாய் நசுங்கி மோட்டார் உள்ளேயே சிக்கிக்கொண்ட கதை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் குழாயின் நீளமான துண்டுகள் 15 கிலோவையொட்டி நடுவில் தட்டையாயின. குட்டையான துண்டுகள் அதைவிட அதிகம் தாங்கி, மூன்று மடல்களாக உள்ளே மடிந்தன. சுவர்க் கனத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் மும்மடியைப் பொறுத்தே நீண்ட குழாய் நெளியும் அழுத்தம் அமையும் என்று பாடநூல் சூத்திரம் சொல்வது, கேஜ் முள்ளில் ஏறக்குறைய அப்படியே தெரிந்தது.

அடுத்து வந்தது டிரோன் கட்டுபவர்கள் வாங்கும் கார்பன் ஃபைபர் குழாய், வெளிவிட்டம் 30 மில்லிமீட்டர், சுவர் ஒரு மில்லிமீட்டர். முனைகளுக்கு அலுமினிய மூடி கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அரால்டைட் இட்டு ஒட்டினோம். பிவிசி நடுவில் நசுங்கியது என்றால், இவை பெரும்பாலும் மூடியின் விளிம்பை ஒட்டியே பிளந்தன. நான் படம் வரைந்து விளக்க முற்பட்டதற்குள் பட்டறை அண்ணன் பதில் சொல்லிவிட்டார்: “அலுமினியம் அசையாது, இது சுருங்கும். ரெண்டும் சேர்ற எடத்துலதான் வம்பு, தம்பி.” டைட்டனிலும் கார்பன் ஃபைபர் உருளையின் இரு முனைகளிலும் டைட்டானியம் வளையங்கள் பசையால்தான் ஒட்டப்பட்டிருந்தன. விறைப்பு வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒரே அழுத்தத்தில் வெவ்வேறு அளவு சுருங்கும்போது, வளையும் விசை பெரிதும் அந்த எல்லைக் கோட்டில் குவிகிறது.

ஒலிதான் எனக்குப் பெரும் வியப்பு. அதிர்வை மின்சாரமாக மாற்றும், வாழ்த்து அட்டைகளில் பாட்டு வாசிக்கும் பீசோ வில்லையைக் கலத்தின் வெளிப்புறம் ஒட்டிக் கணினியில் பதிவு செய்தேன். புதிய குழாயில் முதன்முறை அழுத்தம் ஏறும்போது, பத்துக் கிலோவுக்கு மேலிருந்து டிக், டிக் என்று இழை நெரியும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அழுத்தத்தை 25இல் நிறுத்தி, இறக்கி, மீண்டும் ஏற்றினால் அதே குழாய் 25 வரை வாய் திறக்கவில்லை. அதைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. பொறியாளர்கள் கைசர் விளைவு என்று அழைப்பது இதைத்தான். முந்தைய உச்சத்தைத் தாண்டும்வரை பொருள் பேசாது. ஆனால் பலமுறை ஏற்றி இறக்கிய சில குழாய்கள், பழைய உச்சத்துக்கு வெகு கீழேயே டிக்கிடத் தொடங்கின. அவைதான் அடுத்தடுத்த ஏற்றங்களில் உடைந்தன.

உடைந்த கணத்தின் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், வழக்கமான டிக் ஒலிக்கும் இறுதி வெடிப்புக்கும் இடையில் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அந்த வகையில் லாக்ரிட்ஜ் சொன்னது சரி. கலம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது மணியடித்து எச்சரிக்கும் கருவியாக இந்த ஒலியை நம்ப முடியாது. ஆனால் ஒரு முறை பதிவானதை முந்தைய முறையோடு ஒப்பிடும்போது, அதே ஒலி நாட்கணக்கில் முன்னதாகவே செய்தி சொல்கிறது. டைட்டனிலும் அந்தச் செய்தி இருந்தது. 2022 ஜூலையில் அதன் 80ஆவது மூழ்கலின்போது, மேலெழும் நேரத்தில் ஒரு பெருத்த ஓசை கேட்டது. அதற்குப் பிந்தைய மூழ்கல்களில் அழுத்தத்தில் உடல் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் திரிபு அளவீடுகள் முன்பு போல் இல்லை. அந்த மூழ்கலில் உடலின் கார்பன் ஃபைபர் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்றே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் முடிவுசெய்தது. கருவி கேட்டதைக் கரையில் சரியாக ஆராய்ந்து, இனி இறங்கக் கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கார்பன் ஃபைபர் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் மறைந்துபோனது இதுதான்.

என் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நெளிந்து நசுங்குவது விகிதங்களைப் பொறுத்தது என்பதால் அதைச் சிறு குழாயில் பார்ப்பது நியாயம். டைட்டனின் ஐந்து அங்குலச் சுவரோ ஒவ்வோர் அங்குலமாக ஐந்து அடுக்குகளாய்ச் சுற்றப்பட்டு, தனித்தனியே சூட்டில் இறுக்கப்பட்டது. அடுக்குகளில் சுருக்கங்கள், வெற்றிடங்கள், நுண்துளைகள் இருந்ததை வாரியம் கண்டறிந்தது. ஒரு மில்லிமீட்டர் சுவரில் அந்த அளவு குறைகளைப் பார்க்க முடியாது. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் கலத்துக்கு இந்தச் சிக்கலே எழாது: அது 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் கனமும் கொண்ட டைட்டானியம் கோளம், அமர்வோர் மூன்றே பேர். ஒரே ஆரமும் ஒரே கனமும் இருந்தால், உருளைச் சுவரில் சுற்றுவாக்கில் எழும் தகைவில் (பொருளுக்குள் பரவும் விசையில்) பாதிதான் கோளச் சுவரில் எழும். ஐந்து பேரை உட்கார வைக்க உருளை வசதிதான். அதற்கான விலையைச் சுவர் கொடுக்கிறது.

இப்போது கையில் இருக்கும் வேலை குளிர் பற்றியது. கடைசிப் பயணங்களுக்கு முந்தைய குளிர்காலத்தில் டைட்டன் கனடாவில் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டிருந்தது. பிரிந்த அடுக்குகளுக்கிடையே ஈரம் புகுந்து உறைந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு விடவில்லை. ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது. ஏற்கெனவே அழுத்தம் ஏற்றி டிக்கிட்ட சில குழாய்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் நண்பரின் டீப் ஃப்ரீசரில் உறையவிட்டு எடுத்து, மறுபடி கலத்தில் இறக்குகிறேன். சிலவற்றில் டிக் ஒலி முன்னைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வருகிறது, சிலவற்றில் மாற்றமே இல்லை. உறையவிடாமல் வெறுமனே ஊறவைத்த குழாய்களையும் இதே வரிசையில் சோதித்த பிறகுதான், காரணம் உறைபனியா ஈரம் மட்டுமா என்று பிரித்துச் சொல்ல முடியும். அந்தத் துண்டுகளுக்கு மூடி கடையும் வேலை பட்டறையில் நடந்துகொண்டிருக்கிறது.