மூக்கு நிறம் முதல் டிஎன்ஏ வரை: கிளிகளில் ஆண் பெண் பிரித்த அனுபவம்

லாத்தா (அக்கா) மகன் துபாய்க்கு வேலைக்குப் போகும்போது அவன் வளர்த்த கிளிகளைக் கூண்டோடு எங்கள் மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் போனான். பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். "மாமா, குஞ்செல்லாம் ஒரே கூண்டுல கலந்து கிடக்கு. ஆணையும் பொண்ணையும் பிரிச்சு வச்சிருங்க, இல்லாட்டி கூடப் பொறந்ததுகளே ஜோடி சேர்ந்துரும்" என்று போனில் சொன்னான். சரி என்று இறங்கினேன். ஒரே பார்வையில் முடிகிற வேலை இல்லை அது.

இருந்தவற்றில் பெரும்பாலானவை பட்ஜிகள். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியச் சின்னக் கிளிகள். பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என எந்த உடல் நிறத்திலும் ஆணும் வரும், பெண்ணும் வரும். பார்க்க வேண்டியது அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றியிருக்கும் சதையை. அதையும் வயது தெரியாமல் பார்த்துப் பயனில்லை. குஞ்சுக்கு நெற்றியில் கருப்பு வரிகள் மூக்கு வரை இறங்கியிருக்கும், கண் முழுக்கக் கருப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து முளைக்கும்போது நெற்றி வரி பின்வாங்கும். அதனால் முதலில் வரி உள்ளவை, இல்லாதவை என்றுதான் பிரித்தேன்.

வளர்ந்தவற்றில் குழப்பம் குறைவு. ஆணின் மூக்கு நல்ல நீலம். பெண்ணின் மூக்கு பெரும்பாலும் பழுப்பு. முட்டைக்குத் தயாராகும்போது அது தடித்து, பொருக்குத் தட்டியது மாதிரி ஆகிவிடும். வயதான ஆணுக்கு நீல மூக்கு பழுப்பாக மாறினால் மட்டும் அலட்சியமாக இருக்காதீர்கள். விரையில் கட்டி வந்தாலும் அப்படி மாறும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

குஞ்சுகளிடம்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றாகத் துண்டில் பொதிந்து பிடித்து, மூக்கைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். ஆண் குஞ்சுக்கு மூக்கு முழுவதும் ஒரே சீராக, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கிறது. பெண் குஞ்சுக்கு வெளிறிய நீலம். ஆனால் மூக்குத் துளைகளைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளை வளையம். அந்த வளையம்தான் எல்லாம். நீலம் என்றாலே ஆண் என்று நினைப்பவர்கள் இந்தப் பெண் குஞ்சுகளை ஆணாக எழுதிவிடுவார்கள். வெளிச்சமும் முக்கியம். எங்கள் மாடியில் வெயிலுக்கு நீலத் தார்பாய் கட்டியிருக்கிறது. அதன் நிழலில் வெள்ளை மூக்கும் நீலமாகத்தான் தெரியும். காலை வெளிச்சத்தில் தார்பாயை விட்டு வெளியே கொண்டுவந்து பார்ப்பதே சரி.

சிவப்புக் கண் உள்ள வெள்ளை, மஞ்சள் பட்ஜிகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அவற்றில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் மூக்கு நீலமாகாது, இளஞ்சிவப்பாகவே நிற்கும். சந்தேகத்தில் இருந்தவற்றைத் தனிக் கூண்டில் விட்டுக் கவனித்தேன். ஓயாமல் பாடிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும் ஆண். கட்டையைக் கொறித்துத் தள்ளுவதும், பிடித்தால் அழுத்திக் கடிப்பதும் பெரும்பாலும் பெண். ஒன்றுக்கொன்று இரை ஊட்டுகிறதே என்று மட்டும் ஜோடி என முடிவு செய்யக்கூடாது. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டாலும் ஊட்டிக்கொள்ளும்.

ஊர்ப் பனைகளில் இருக்கிற நம் பச்சைக்கிளியைத் தெருவில் நின்றே அடையாளம் காணலாம். கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் போட்டிருந்தால் ஆண். ஆரம் இல்லாதது பெண்ணாகவும் இருக்கலாம், இளம் ஆணாகவும் இருக்கலாம். ஆணுக்கு ஆரம் முழுதாக வர இரண்டு மூன்று வருடம் ஆகிறது. தலை போன மொட்டைப் பனைகளின் பொந்துகளில்தான் அவை குடும்பம் நடத்தும். விறகுக்கென்று அந்த மரங்களை வெட்டும்போது எனக்கு மனசே ஆறாது. இந்தக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சு விலைக்கு வந்தால் தயவு செய்து வாங்காதீர்கள்.

கடைசியாக நின்றவை பீச் நிற முகம் கொண்ட இரண்டு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். விற்ற கடைக்காரர் ஜோடி என்று உறுதி சொல்லிக் கொடுத்திருந்தார். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுதான். அடிவயிற்றில் விரல் வைத்து இடுப்பெலும்பு விரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. முட்டையிட்டுப் பழகிய பெண்ணிடம் அது ஓரளவு தெரியும், இளம் பறவையிடம் நம்ப முடியாது. எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது பனை ஓலை. கூடு கட்டட்டும் என்று பச்சை ஓலையைக் கூண்டில் செருகியிருந்தேன். இரண்டுமே அதை நீளநீளமாகக் கிழித்து, இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு பெட்டிக்குள் போயின. இப்படிச் செருகிக் கொண்டுபோவது பெட்டையின் பழக்கம். ஆண் முயன்றாலும் வழியிலேயே நழுவவிட்டுவிடும். அப்புறம் பெட்டியைத் திறந்தால் சுமார் பத்து முட்டை கிடந்தது. ஒரு பெட்டை வழக்கமாக இடுவது நான்கிலிருந்து ஆறுதான். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

அதற்கு மேல் ஊகம் வேண்டாம் என்று டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். கூண்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் இறகு ஆகாது. நெஞ்சிலிருந்து சில சின்ன இறகுகளை வேரோடு பிடுங்கி, வேரில் கை படாமல் காகித உறையில் போட்டு, ஒவ்வொரு பறவைக்கும் தனி உறை வைத்து, மேலே அடையாளம் எழுத வேண்டும். ஒன்றைத் தொட்ட கையோடு அடுத்ததைத் தொடக்கூடாது. அதைக் கூரியரில் அனுப்பினால் போதும், பறவைக்கு அலைச்சல் இல்லை. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். டபிள்யூ இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பார்த்துச் சொல்கிறார்கள். முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டும் பெண்.

இரண்டையும் பிரித்து, பரிசோதனைச் சான்று உள்ள ஆண்களையே தேடி வாங்கினேன். வாங்கியதும் ஒன்றாக விடவில்லை. இந்தப் பெட்டைகள் புதிதாக வந்ததைக் காலைக் கடித்துக் காயப்படுத்திவிடும். கூண்டுகளை ஒட்டி வைத்து, நடுக்கம்பியில் இரு பக்கமும் கொறிக்கக் கணவாய் ஓடு கட்டியிருக்கிறேன். கரையில் பொறுக்கியதுதான், உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். சீறிக்கொண்டிருந்தவை இப்போது கம்பியோரம் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. அடுத்த வாரம் பெட்டையைத் தூக்கி ஆணின் கூண்டில் விடலாம் என்றிருக்கிறேன்; ஆணைப் பெட்டையின் கூண்டுக்குள் விட்டால் தன் இடமென்று விரட்டும்.