மூன்றாவது கேம் கியர்: படம் வந்தது, சத்தம் வரவில்லை

படம் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் புலம்பல்தான். மூன்று வாரமாக வயிற்றைப் பிளந்தபடி மேசையில் கிடந்த கேம் கியரில் (தொண்ணூறுகளில் சேகா விற்ற கையடக்க கேம் கன்சோல்) நேற்று ராத்திரி சோனிக் கேம் காட்ரிட்ஜைச் செருகி ஸ்விட்சைத் தள்ளினேன். பின்விளக்கு ஒரு நொடி தயங்கி எரிந்தது, அப்புறம் சோனிக் வந்து நின்றான். நிறம் சரி, பட்டன்கள் சரி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரமும் வேலை செய்கிறது. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

இது நான் திறக்கிற மூன்றாவது கேம் கியர். முதல் இரண்டையும் வாங்கிய காலத்தில் ஓடாத கன்சோலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாலைந்தை ஒரே பெட்டியில் போட்டு, பழைய பேப்பரை எடைக்குப் போடுகிற மாதிரி தள்ளிவிடுவார்கள். இந்த மூன்றாவதற்கு நான் கொடுத்த பணத்தில் அப்போது நன்றாக ஓடுகிற ஒன்றையே வாங்கியிருக்கலாம், மேலே ஒன்றிரண்டு கேமும் வந்திருக்கும். இத்தனைக்கும் இதில் திரைக்கு மேலே கீறல், இரண்டு பேட்டரி மூடிகளில் ஒன்றைக் காணோம். விளம்பரத்தில் "சோதித்துப் பார்க்கவில்லை" என்று போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் என்ன என்று நமக்கெல்லாம் தெரியும்: சோதித்தார்கள், ஓடவில்லை. இதை ஓட்டிப் பார்க்கத் தேவையான ஆறு ஏஏ பேட்டரி கிடைக்காமல் தவிக்கிற விற்பனையாளர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

விலை ஏறியதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் 2020 ஊரடங்கையும் 2021 ஏலங்களையும் கை காட்டுவார்கள். வீட்டில் அடைபட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சின்ன வயதுக்குத் திரும்பப் பார்த்தார்கள், சரி. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால் முதல் செல்டா கேமின் ஆரம்பகாலப் பிரதி ஒன்று 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். மாரியோ 64 அபூர்வமான கேமே இல்லை, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அங்கே விலை போனது பிரியாத அந்த உறைக்கும், அதைச் சோதித்து மதிப்பெண் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்கும்தான். நமக்கும் அந்த உலகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பரணில் காலணிப் பெட்டி நிறையக் காட்ரிட்ஜ் வைத்திருப்பவரும் அதே செய்தியைத்தானே படித்தார்? லேபிள் பாதி கிழிந்த டெட்ரிஸுக்குக்கூட இப்போது "அபூர்வம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். டெட்ரிஸ்! கேம் பாய் வைத்திருந்தவர் வீட்டில் டெட்ரிஸ் இல்லை என்றால்தான் அபூர்வம்.

ஆனால் உடைந்த கன்சோலின் விலை ஏறியதற்கு ஏலக்காரர்கள் மேல் பழி போட முடியாது. அது நம்மால் வந்தது. நாம் ஆளாளுக்குச் சால்டரிங் அயர்ன் வாங்கினோம், வீடியோ போட்டோம், "கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துத் தருகிற சின்னப் பாகம்) மாற்றினால் போதும், ஓடிவிடும்" என்று கூரை மேல் ஏறிக் கூவினோம். விற்பவர்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். இப்போது விளம்பரத்திலேயே "கெப்பாசிட்டர் மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம்" என்று எழுதி, ஓடுகிற கன்சோலின் விலையில் முக்கால்வாசியைக் கேட்கிறார்கள். அவ்வளவு சுலபம் என்றால் நீங்களே மாற்றி விற்கலாமே, ஐயா. போதாததற்குப் பழைய திரையைக் கழற்றிவிட்டுப் புது எல்சிடி போடுகிற கிட் வந்ததிலிருந்து, திரை செத்துப்போன கேம் கியருக்கும் கிராக்கி.

சரி, வேலைக்கு வருகிறேன். மேல் மூடியைக் கழற்றியதும் அந்த மீன் வாடை. ஏற்கனவே கேம் கியர் திறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த சர்ஃபேஸ் மவுண்ட் (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டுகிற) எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்கே இருந்த வியாதி இது, அந்தக் காலத்து வீடியோ கேமராவிலும் கணினியிலும் இதே கதைதான். உள்ளே இருக்கிற திரவம் அடியில் கசிந்து, பேடு என்கிற, கால்கள் ஒட்டுகிற செம்புத் திட்டுகளுக்குக் கீழே போய்ச் செம்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். பவர் போர்டும் சவுண்ட் போர்டும் பெரிய தொல்லை இல்லை, ஒரே சாயங்காலத்தில் முடிந்தன. மெயின் போர்டுதான் என் உயிரை எடுத்தது.

கெப்பாசிட்டரைக் கழற்றுவது பற்றி ஆளுக்கொரு மதம் இருக்கிறது. முறுக்கி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்: இடுக்கியால் தலையை அழுத்திப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் கால்கள் அறுந்து கையோடு வந்துவிடும். கசியாத போர்டில் அது அழகாக வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கசிந்த போர்டில் பேட் ஏற்கனவே பாதி உயிரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை முறுக்கினால் கெப்பாசிட்டரோடு பேடும் கூடவே கிளம்பிவிடும். ஹாட் ஏர் அடித்து, அதாவது சூடான காற்றால் ஈயத்தை உருக்கி எடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் உருகும், சூடேறிய கெப்பாசிட்டர் சில சமயம் பட்டென்று வெடித்து அந்தத் திரவத்தை முகத்திலேயே தெளிக்கும். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

நான் பிடித்துக்கொண்ட வழி இரண்டு அயர்ன் முறை, ஒரு சின்ன மாற்றத்தோடு. கசிந்த இடத்தில் பழைய ஈயம் சாம்பல் பூத்துப் போயிருக்கும், நுனியை எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது. உருகவில்லையே என்று சூட்டைக் கூட்டினீர்கள் என்றால் பேட் போச்சு. அந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறோம், என்னையும் சேர்த்து. முதலில் கண்ணாடியிழைப் பேனாவால் அந்தச் சாம்பலை லேசாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தாராளமாக ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவுகிற களிம்பு) வைத்து, அதற்கு மேல் பிஸ்மத் கலந்த குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தை இரண்டு காலிலும் குவித்தேன். அது பழைய ஈயத்தோடு கலந்ததும் கொஞ்ச நேரம் திரவமாகவே நிற்கும். வலது கையில் நல்ல அயர்ன், இடது கையில் பழைய கட்டை அயர்ன், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தொட்டால் கெப்பாசிட்டர் தானாகவே வழுக்கி நகரும். தூக்கக்கூடாது, தள்ளத்தான் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு கெப்பாசிட்டர் ஆனது, எட்டாவதிலிருந்து ஒரு பேட்கூடப் போகவில்லை என்று தைரியமாகப் பீற்றிக்கொள்வேன். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: அந்தப் பிஸ்மத் ஈயத்தை, ஈயம் உறிஞ்சுகிற செம்புத் திரி வைத்துச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அதன் மேலேயே புது ஈயம் வைத்தால் இணைப்பு நொறுங்கலாக இருக்கும், கைக்கு அடக்கமான கன்சோல் ஒரு தடவை கீழே விழுந்தால் போதும்.

அந்த முதல் ஏழில் இரண்டு பேட் போனது. ஒன்றின் டிரேஸ் (போர்டில் ஓடுகிற செம்புத் தடம்) கண்ணுக்குத் தெரிந்தது, மேல் பூச்சைச் சுரண்டி மெல்லிய ஜம்பர் வயர் போட்டுவிட்டேன். இன்னொன்று கெப்பாசிட்டருக்கு அடியிலேயே ஒரு துளை வழியாகப் பின்பக்கம் போகிறது, துளையைச் சுற்றியிருந்த செம்பு பச்சையாகிவிட்டது. மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன். வேலை ஆரம்பிக்கும் முன் போர்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், சரியாக அந்த மூலையில் என் கட்டைவிரல்!

இதற்கு மேல்தான் டான்டலம் கூத்து. இந்தத் தடவை கசிகிற சமாசாரமே வேண்டாம் என்று சின்ன மதிப்புகளுக்கெல்லாம் செராமிக் கெப்பாசிட்டரும், பெரியவற்றுக்கு டான்டலம் கெப்பாசிட்டரும் வாங்கியிருந்தேன். செராமிக்கில் ஒரு சூது இருக்கிறது: மேலே வோல்ட் ஏறும்போது சின்ன அளவு செராமிக்கின் கொள்ளளவு குறைந்துவிடும், பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது எனக்குத் தெரியும், அதனால் அதிக வோல்ட் தாங்குகிறதாகப் பார்த்து வாங்கினேன், ரொம்பப் பெருமையாகவும் இருந்தேன். டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ் என்பதுதான் மூளைக்கு ஏறவில்லை. அலுமினியக் கெப்பாசிட்டரில் கறுப்புப் பட்டை நெகட்டிவ், பல வருடமாகக் கை அதற்குப் பழகிவிட்டது. வரிசையாக நாலு டான்டலத்தையும் தலைகீழாக வைத்து ஒட்டி, பவர் கொடுத்தேன். திரை லேசாக மின்னியது, அப்புறம் ஒரு சின்ன "டப்", அப்புறம் மீன் வாடையைவிட மோசமான ஒரு வாடை. சட்டென்று அணைத்ததால் ஒன்றோடு போனது. மற்ற மூன்றையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். தலைகீழாக ஒரு தடவை மின்சாரம் வாங்கிய டான்டலத்தைத் திருப்பி வைத்துப் பயன்படுத்துவது கஞ்சத்தனம் கூட இல்லை, முட்டாள்தனம். அந்த இடங்களுக்கு இப்போது பாலிமர் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறேன்.

வாங்குகிற இடம் பற்றி ஒரு வார்த்தை. "கேம் கியர் முழு கிட்" என்று பையில் போட்டு விற்கிறார்களே, அதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். மேலே தயாரிப்பாளர் பெயரே இல்லாத கெப்பாசிட்டர்கள், இரண்டு மதிப்பு மாறி வந்தது, கேட்டதற்குப் பதிலும் இல்லை. இப்போது எலக்ட்ரானிக் உதிரிப் பாகங்களை மொத்தமாக விற்கும் பெரிய விநியோகஸ்தர்களிடம் பானசோனிக், நிச்சிகான் என்று பெயர் சொல்லி வாங்குகிறேன். பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும், மெயின் போர்டில் ஒற்றைச் சிப் வகையா இரட்டைச் சிப் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு ராத்திரி போகும். ஆனால் அந்த ஒரு பட்டியல் அடுத்த பத்துக் கன்சோலுக்கு ஆகும். (பத்து வாங்குகிற நிலைமையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

சத்தத்துக்கு வருகிறேன். ஹெட்ஃபோன் போட்டால் இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்கிறது, அதனால் சவுண்ட் போர்டில் நான் மாற்றியவை தப்பிக்கின்றன. ஸ்பீக்கரைத் தனியாக மீட்டரில் தொட்டால் கரகரவென்கிறது, உயிரோடுதான் இருக்கிறது. மிச்சம் ஹெட்ஃபோன் ஜாக். ஒயரைச் செருகினால் ஸ்பீக்கரை வெட்டிவிடுகிற ஒரு சின்னத் தகடு அதற்குள் இருக்கிறது, அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டு, ஒயர் எப்போதும் மாட்டியிருக்கிறது என்று கன்சோலை ஏமாற்றுகிறது என்பது என் சந்தேகம். ஒயரை இருபது முப்பது தடவை செருகி எடுத்ததில் ஒரே ஒரு தடவை ஸ்பீக்கர் "க்ளிக்" என்றது. ஜாக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதே மாதிரி ஜாக் வேண்டுமென்றால் இன்னொரு செத்த கேம் கியரிலிருந்து எடுக்க வேண்டும், செத்த கேம் கியர் என்ன விலை என்று மேலேயே அழுதுவிட்டேன்.

இதற்கிடையே மனசு சேகாவின் இன்னொரு கன்சோலான சாட்டர்ன் பக்கம் போய்விட்டது. அதில் சேமிப்புக்கு இருக்கிற சிஆர்2032 பேட்டரி பின்பக்கச் சின்னக் கதவுக்குள்ளேயே இருக்கிறது, சால்டரிங்கே வேண்டாம், என்ன ஒரு நிம்மதி. டிஸ்க்குகள்தான் கைக்கு எட்டவில்லை. மேற்கு நாடுகளுக்கு 1998இல் கொஞ்சமாக வந்த பான்ஸர் டிராகூன் சாகா கேமின் நாலு டிஸ்க்குக்குக் கேட்கிற காசில் கன்சோல்களாகவே வாங்கி அடுக்கலாம். அதனால் டிரைவைக் கழற்றிவிட்டு மெமரி கார்டிலிருந்து படிக்கிற போர்டைப் போடலாமா என்று யோசிக்கிறேன். அசல் டிஸ்க்தான் வேண்டும் என்று முன்பு சண்டை போட்ட அதே ஆள்தான் நான். இல்லாவிட்டால் ஜப்பானியப் பதிப்புகள் பக்கம் போகலாம், 1995இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் நின்டெண்டோ கேமான எர்த்பவுண்டின் விலையைப் பார்த்து மயங்கியவர்கள், அதன் ஜப்பானிய மூலமான மதர் 2 காட்ரிட்ஜ் எவ்வளவு மலிவு என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மொழி தெரியாது என்பது ஒன்றுதான் குறை, அது ஒரு கதை நிறைந்த கேம் என்பதால் அந்தக் குறை கொஞ்சம் பெரிசு.

கணக்குப் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துவிட்டேன். கன்சோல், கெப்பாசிட்டர், அந்தப் பிஸ்மத் ஈயம், புதுசாக வாங்கிய மெல்லிய அயர்ன் நுனி, குப்பைக்குப் போன டான்டலம் எல்லாம் சேர்த்தால், யாரோ ஏற்கனவே சரிசெய்து உத்தரவாதத்தோடு விற்கிற கேம் கியர் ஒன்று இதைவிடக் கொஞ்சம் மலிவு. அதில் சத்தமும் வரும்.

ஜாக்கை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். அதற்குள், "சோதித்துப் பார்க்கவில்லை" என்று இன்னொரு கேம் கியர் கண்ணில் பட்டிருக்கிறது, திரை உடைந்தது, இரண்டு பேட்டரி மூடியும் இருக்கிறது.