ஒரு வரிக்கு 63 சைக்கிள்

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் ராஸ்டர் பட்டை (திரையின் குறுக்கே ஓடும் வண்ணப் பட்டை) போட, ஸ்கேன் வரிக்கு ஒரு முறை 53280 என்ற நினைவக முகவரியில் உள்ள பார்டர் (திரை ஓரம்) நிறத்தை மாற்ற வேண்டும். என்ன எழுதுவது என்பதில் சிரமமே இல்லை. 11, 12, 15, 1, 15, 12, 11 என்ற நிற எண்களை எழுதினால் சாம்பல் உருளை. 6, 14, 3, 1, 3, 14, 6 என்றால் நீல உருளை. எப்போது எழுதுவது என்பதில்தான் நாள்கள் ஓடும்.

பால் (ஐரோப்பிய டிவி முறை) கணினியில் ஒரு வரிக்கு 63 சைக்கிள் (செயலியின் கடிகாரத் துடிப்பு), ஒரு திரைக்கு 312 வரி. ஒரு சைக்கிள் ஓடுவதற்குள் திரையை வரையும் கதிரான ராஸ்டர் 8 பிக்சல் நகர்ந்துவிடும். முதலில் 53265-இன் 4-ஆம் பிட்டை அணைத்துத் திரையை முழுக்க பார்டராக்கிவிடுவது நல்லது. திரையை அணைக்காமல் விட்டால் எழுத்துப் பகுதியில் எட்டு வரிக்கு ஒரு முறை, படத்தை வரையும் விக் சிப் 40-க்கும் மேற்பட்ட சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த மோசமான வரிகளைச் சமாளிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லூப்பின் கணக்கு: நிற எண்களின் டேபிளிலிருந்து எக்ஸ் பதிவகம் வழியாகப் படிக்கும் எல்டிஏ 4, அதை எழுதும் எஸ்டிஏ 4, எக்ஸில் ஒன்று கூட்டும் ஐஎன்எக்ஸ் 2, முடிந்ததா என்று ஒப்பிடும் சிபிஎக்ஸ் 2, தொடக்கத்துக்குக் குதிக்கும் பிஎன்இ 3. ஆக 15. மீதி 48-க்கு 24 நாப் (ஒன்றும் செய்யாமல் 2 சைக்கிள் கழிக்கும் கட்டளை). தாளில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிவைத்துக் கூட்டுவதைவிடச் சிறந்த கருவி இந்த வேலைக்கு இல்லை.

கூட்டல் சரியாக இருந்தும் பட்டையின் விளிம்பு படிக்கட்டுபோல வலப்பக்கம் சரிந்தால், லூப் 64 சைக்கிள் எடுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பிஎன்இ 256 பைட் பக்கத்தின் எல்லையைத் தாண்டிக் குதித்திருக்கும். அதற்கு ஒரு சைக்கிள் கூடுதல். பாதி வரை நேராக வந்து, பிறகு சரிந்தால் டேபிள்தான் எல்லையைத் தாண்டுகிறது. இரண்டையும் பக்கத் தொடக்கத்தில் வையுங்கள். இதைக் கண்டுபிடிக்க, நிறம் மாறும் இடத்தை வேண்டுமென்றே திரையின் நடுவில் நிறுத்துங்கள். விளிம்பு செங்குத்தாக நின்ற பிறகு, லூப்புக்கு முன் நாப் சேர்த்துத் திரைக்கு வெளியே தள்ளலாம். ஒரு நாப்புக்கு 16 பிக்சல் நகரும். 8 மட்டும் நகர வேண்டுமானால், ஒரு நாப்பை எடுத்துவிட்டு 3 சைக்கிள் பிடிக்கும் கட்டளை ஒன்றைப் போடுங்கள்.

விளிம்பு சரியாமல் நடுங்கினால் நோய் வேறு. குறித்த வரி வந்ததைச் சொல்லும் இன்டரப்ட் (குறுக்கீடு) வந்தாலும், செயலியான 6510 கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் கவனிக்கும். இதனால் தொடக்கம் 7 சைக்கிள் வரை முன்பின்னாகும். மருந்து, இரண்டு இன்டரப்ட். முதலாவது வந்ததும் அடுத்த வரிக்கு இரண்டாவதை வைத்து, 53273-இல் எழுதி முதலாவதை ஏற்று, ஸ்டாக் (திரும்பும் இடத்தைக் குறித்துவைக்கும் அடுக்கு) நிலையை எக்ஸில் காக்கும் டிஎஸ்எக்ஸ், இன்டரப்டை அனுமதிக்கும் சிஎல்ஐ போட்டு, நாப் வரிசையில் காத்திருக்க வேண்டும். நாப் 2 சைக்கிள்தான் என்பதால் ஆட்டம் ஒரே சைக்கிளுக்குக் குறுகிவிடும். இரண்டாவதில் நுழைந்ததும் ஸ்டாக் நிலையை மீட்கும் டிஎக்ஸ்எஸ். அதை மறந்தால் திரும்பும்போது நாப் வரிசைக்குள்ளேயே போய் விழும். சிஎல்ஐயை மறந்தால் இரண்டாவது இன்டரப்ட் உரிய இடத்தில் வரவே வராது.

மிச்சமிருக்கும் அந்த ஒரு சைக்கிளை ஒழிக்கும் வழி மிக அழகானது. வரி மாறும் நொடியில், அப்போதைய வரி எண் இருக்கும் 53266-ஐ எல்டிஏவால் படித்து, உடனே சிஎம்பியால் மறுபடி ஒப்பிட்டு, சமமானால் குதிக்கும் பிஇகியூவால் அடுத்த கட்டளைக்கே குதிப்பது. சீக்கிரம் வந்திருந்தால் இரண்டு எண்ணும் ஒன்று; குதிக்க 3 சைக்கிள். தாமதமாக வந்திருந்தால் எண் மாறியிருக்கும். குதிக்காது, 2 சைக்கிள். எங்கேயும் போகாத ஒரு குதிப்பு, வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுகிறது.

டேபிளின் கடைசி இடத்தில் 0 (கறுப்பு) இருக்கட்டும். இல்லாவிட்டால் கடைசி நிறமே மிச்சத் திரை முழுவதும் வழியும். என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு வரிக்கு 65 சைக்கிள். ஒரு நாப் கூட்டினால் சரியாகும்.

பட்டைகளை ஆட்டிவைப்பது பட்டை முடிந்த பிறகு செய்யும் வேலை. 100 வரிக்கு 6,300 சைக்கிள் போனால் ஒரு திரையில் 13,356 மிஞ்சும். டேபிளைத் துடைத்து, சைன் மதிப்புப்படி உருளைகளை மறுபடி எழுத அது தாராளம். துடைப்பது மட்டும் லூப் ஓடும்போது நடக்கக் கூடாது. நடந்தால் உருளை பாதியில் அறுந்து தெரியும்.